சனியைப் பார்த்த சாயங்காலம்

“சனியையா? வேற ஒண்ணும் கெடைக்கலியாட்டி ஒனக்கு?”

கோமதியம்மாள் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். மகள் இசக்கிசெல்வி எவ்வளவு கூப்பிட்டும் தொலைநோக்கியின் பக்கம் வரவில்லை.



அம்மா சங்கரன்கோவிலிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள். தொலைநோக்கி வேண்டும் என்று மகள் போனில் கேட்டதற்கு ‘பாத்துட்டுச் சொல்லுதேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தாள். இப்போது பார்க்கவே மாட்டேன் என்கிறாள்.

சுங்குவார்சத்திரத்துச் செல்போன் ஆலையில் இசக்கிசெல்விக்கு லைனில் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் மற்ற பெண்கள் போனைப் பார்ப்பார்கள். இவள் அண்ணாந்து நிற்பாள். “இன்னா செல்வி, மழை வருமா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு மறுபடி அண்ணாந்துகொள்வாள்.

பள்ளிக்கூடங்களுக்கு ஆய்வகச் சாமான் விற்கிற வரதுவின் கடை ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் இருந்தது. அந்தக் கடையின் மாடிதான் இது. பொழுது சாயும் நேரத்துக்கு வரச்சொல்லி, அவளுக்காக இரண்டு தொலைநோக்கிகளை மேலே கொண்டுவந்து வைத்திருந்தார் வரது.

ஒன்று மூன்று கால் ஊன்றி ஆள் உயரத்துக்கு நின்றது. மற்றது மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. ஒற்றைக் கை, அது பிடித்திருக்கிற குட்டைக் குழாய், கூடவே பொத்தான் வைத்த ஒரு ரிமோட்.

முதலில் அவள் மனசு பெரியதில்தான் கிடந்தது. நிலா அதில் நிறைந்து நின்றது. ஆனால் ஒரகடம் பக்கத்து ஆலை விளக்குகளில் வானம் வெளுத்துக் கிடந்தது. நிலாவை விட்டால் வேறு எதையும் தேடிப்பிடித்து அந்தக் குழாய்க்குள் கொண்டுவர முடியவில்லை. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

சின்னதற்கு வரது ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தார். பிரகாசமான இரண்டு நட்சத்திரங்களை அதற்குக் காட்டிக்கொடுக்கச் சொன்னார். அவள் காட்டிக்கொடுத்தாள். பிறகு சனியைத் தேர்ந்து பொத்தானை அமுக்கினாள்.

குழாய் முனகிக்கொண்டே தானாகத் திரும்பியது, நிமிர்ந்தது, நின்றது.

குனிந்து பார்த்தவளுக்கு மூச்சு ஒரு நொடி நின்றுபோயிற்று. அப்போதுதான் அம்மாவைக் கூப்பிட்டாள்.

“ஒனக்காகத்தான அவனுக்கு வாராவாரம் எள்ளு வெளக்குப் போட்டுக்கிட்டுக் கெடந்தேன்? நல்ல நாளும் அதுவுமா அவன் மூஞ்சியில முழிக்கணுமாக்கும்?”

வரது சிரித்தார். “பயப்படாதீங்கோ மா. அவர் நம்மளப் பாக்கல. நாமதான் அவரப் பாக்கறோம்.”

கோமதியம்மாள் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்தியபடி குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவே இல்லை.

“ஏட்டி, இவன் என்ன, ஒட்டியாணம் கட்டிக்கிட்டுல்லா நிக்கான்!”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவனுக்குப் பயந்தா இம்புட்டு வருஷத்த ஓட்டுனோம்?”

அதற்கப்புறம் அவள் வரதுவை விடவில்லை. கரண்டு போனால் என்ன செய்வது என்றாள். பேட்டரி என்றார். பஸ்ஸில் கொண்டுபோகலாமா என்றாள். மடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். தானே அதைத் தூக்கி, குடத்தை வைப்பதுபோல் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். வரது பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

“அந்தப் பெருசு?”

“அதுக்கு வண்டி பிடிக்கணும் மா. ஆனா வெளிச்சம் ஜாஸ்தி வாங்கும். மங்கலா இருக்கறதெல்லாம் நன்னாத் தெரியும்.”

இருவரும் இசக்கிசெல்வியைப் பார்த்தார்கள்.

“இதுதாம்மா,” என்று மேஜைமேல் இருந்ததைக் காட்டினாள். “நான் போற எடத்துக்கெல்லாம் எங்கூட வரும்.”

கோமதியம்மாள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள்.

கீழே கடையில் வரது ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். யார் பேரில் போடுவது என்று கேட்டார்.

“அது யார் பேருல வேணும்னாலும் போடுங்க. இதுல பேரு வெட்டிக் குடுப்பீயளா?”

வரதுவுக்கு விளங்கவில்லை. “டெலஸ்கோப்லயா? அப்படி யாரும் கேட்டதில்லையே மா.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் கோமதியம்மாள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் பாத்திரக்கடைக்குப் போய்விட்டாள். மத்தியானம் அங்கே வாங்கிய அண்டாவுக்குப் பேர் வெட்டிக்கொடுத்த நயினாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

நயினார் தன் சின்ன மெஷினை மேஜைமேல் வைத்துவிட்டு, தொலைநோக்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் அங்கங்கே தட்டினார்.

“கை பிளாஸ்டிக்கும்மா, அதுல நிக்காது. கொழாய் அலுமினியம். அதுல வெட்டலாம். ஆமா, பீரோவுல வெட்டணும்னு சொன்னீங்களே, அது இன்னாச்சு?”

“பீரோ இல்ல. அதுக்குப் பதிலா எம்மவளுக்கு இதுதான் கல்யாணச் சீரு.”

வரது பேனாவைக் கீழே வைத்தார்.

இசக்கிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

நயினார் மெஷினைக் கையில் எடுத்தார். “அண்டாவுல வெட்டுன மாதிரியே மாப்புள்ள பேரையும் சேத்துப் போட்டுடட்டுமா?”

“அண்டாவுல ரெண்டு பேரும் இருக்கட்டும். இதுல எம்மவ பேரு மட்டும் போதும்.”

“ரொம்ப ஆழமா வெட்டிடாதேப்பா,” என்றார் வரது மெல்ல.

“ஆழம் கொறைஞ்சா கொறையட்டும்,” என்றாள் கோமதியம்மாள். “எழுத்த மட்டும் பெருசா வெட்டுங்க. பந்தல்ல கடைசியில நிக்கிறவுகளுக்கும் தெரியணும்.”