முத்திரை நோட்டு

மகள் ரத்கா மேசையில் செக் நாட்டுப் போஹேமியப் பகுதியின் வரைபடத்தை விரித்தாள். இரண்டே நாளில் மூன்று கோட்டை, ஒரு பழைய ஊர்.

"உங்கப்பன் முப்பது வருஷமா 'அடுத்த வசந்தத்துல போலாம்'னே சொல்லி, இந்தப் பிப்ரவரியில ஒரேயடியாப் போய்ச் சேர்ந்தான்," என்றாள் லுட்மிலா.

"விடும்மா. முத்திரை நோட்டை எடு."

கோட்டை வாசலில், வருகிறவர்களின் நோட்டில் ஆளுக்கு ஒரு முத்திரை தேதியோடு குத்துவார்கள். அவள் கணவன் யாரோமிர் அந்த நோட்டைக் கல்யாணமான புதிதில் வாங்கினான். லுட்மிலா அறிந்தவரை அது இன்றுவரை வெற்று நோட்டு.

லுட்மிலா பிரித்தாள். கார்ல்ஷ்டைன் கோட்டை, இந்த ஏப்ரல் பத்து. லோகெட், பதினேழு. க்ரும்லோவ், நேற்று. விரலில் மை ஒட்டியது.

"அப்பாவாம்மா?"

லுட்மிலா மறுபடி புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு முத்திரைகள் இருந்தன.

"அவனேதான். தனியாப் போகலடி," என்றாள்.