சரீப் சொன்ன புத்திமதி

“கிளினிக்கும் வேணாம், ஒண்டும் வேணாம். பேசாமக் கதிரையில இரு மச்சான்.”

துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையில், எல்லோருக்கும் கேட்கும்படி சரீப் இப்படிச் சொன்னார். சொன்னது ஜவாஹிரைப் பார்த்து. பக்கத்து இரும்புக் கடை முதலாளி. நீரிழிவு முற்றிய சீனி வருத்தக்காரர். உள்ளங்காலில் வந்த புண் ஆறாமல், செருப்பை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்.

சரீப் யாரென்று ஊருக்கே தெரியும். ஒரு காலத்தில் நூறு மீற்றர் ஓட்டத்தில் மாகாணத்தையே கலக்கியவர். அறுபது தாண்டியும் விடியற்காலையில் கடற்கரை மணலில் ஓடுகிறவர். பின்னால் ஒரு கூட்டம் பெடியன்களும் ஓடுவார்கள்.

முழங்கால் நோவு, தொந்தி, மூச்சு வாங்குகிறது என்று யார் வந்தாலும் நின்று பதில் சொல்வார்.

“முதல்ல உடம்பச் சூடாக்குங்க, பிறகு ஓடுங்க. ஓடின கையோட குந்தாதீங்க. கொஞ்சத் தூரம் நடங்க.”

ஜவாஹிருக்கு இதெல்லாம் பொறுக்காது. பள்ளிக்கூடக் காலத்தில் அவரும் ஓடினவர்தான். ஆனால் எந்தப் போட்டியிலும் சரீபின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் கோட்டைத் தாண்டினார். இரண்டாம் இடக் கிண்ணங்கள் அலுமாரி நிறைய இருக்கின்றன. ஒன்றையும் துடைக்க விடமாட்டார்.

காலையில் அவர் கடை திறக்கிற நேரம் பார்த்துத்தான் சரீபும் அந்த வழியால் ஓடிப் போவார்.

“பெரிய ஓட்டக்காரன்! ஊருக்குக் காட்டத்தானே ஓடுறான்” என்பார் மனைவி நஜ்முன் நிஸாவிடம்.

“நீங்களும் கொஞ்சம் நடந்தா என்ன?”

“அவன் ஓடுற ரோட்டுல நான் நடக்கிறதா?”

போன வருடம், “சீனியக் குறை மச்சான்” என்று சரீப் சொன்னதற்காகவே தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டுக் குடித்த மனிதர் இவர். பொறாமைக்கு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?

அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் சரீபைச் சுற்றி நின்று கதை கேட்டதும் ஜவாஹிருக்குத் தாங்கவில்லை.

“இந்த முறை மூத்தோர் ஓட்டப் போட்டிக்கு நானும் வாறன்” என்றார் சத்தமாக.

அதற்குத்தான் சரீப் சிரித்துக்கொண்டே அந்தப் புத்திமதியைச் சொன்னார்.

“நீயா? இந்தக் காலோடயா? முந்தியும் என்னைப் பிடிக்க ஏலாது, இப்பயும் ஏலாது. கிளினிக்குக்குப் போய் மினக்கெடாத. புண் தானா ஆறும். நல்லாச் சீனி போட்டு ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு இரு.”

தேத்தண்ணிக் கடைக்காரர் கலீலுர் றஹ்மானுக்கே முகம் மாறிவிட்டது.

“சரீப் நானா, ஒரு வருத்தக்காரனுக்குச் சொல்லுற கதையா இது?”

சரீப் தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜவாஹிர் வீட்டுக்கு வந்த வேகத்தில் கால் நோவே மறந்துபோயிற்று.

“அவனுக்குப் பயம் வந்திட்டு! நான் சுகமாகி வந்தா முந்திப்போடுவன் எண்டு பயம். நிஸா, வெளிக்கிடு. இப்பவே கிளினிக்குக்குப் போவம்.”

மாதக்கணக்கில் அழுது கேட்டும் அசையாத மனிதர், அன்று மனைவிக்கு முன்னால் நடந்தார்.

புண்ணைப் பார்த்த டொக்டர் தலையில் கைவைத்தார். “இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும்.”

வார்டில் படுத்து, மருந்து கட்டி, ஒருவழியாகக் கால் தப்பியது. இந்த வருடம் ஓடக்கூடாது, புண்காலுக்கென்று செய்த மெத்தைச் சப்பாத்துப் போட்டு நடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீதியில் கண்ட சரீப் அப்போதும் சும்மா விடவில்லை. “என்ன மச்சான், கிழவன் மாதிரிச் சப்பாத்து? கழற்றிப்போட்டு வெறுங்காலோட நட.”

அன்றிலிருந்து தொழுகைக்குத் தவிர வேறெதற்கும் ஜவாஹிர் சப்பாத்தைக் கழற்றவில்லை. மருந்தை நேரம் தவறாமல் விழுங்கினார். சீனியைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

கூடவே, கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். “என்ட கால் அழுகட்டும் எண்டு பார்த்திருந்தவன் அவன். டொக்டரிட்டப் போகாத எண்டு சொன்னவன். நீங்களும் கேட்டீங்கதானே?”

கேட்டவர்கள்தானே. ஊர் நம்பியது. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பவில்லை. முழங்கால் நோவுக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். போட்டியில் சரீப்தான் முதலாவதாக வந்தார். தேத்தண்ணிக் கடையில் அதைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விடியற்காலையில் அவர் தனியாக ஓடுவதை ஜவாஹிர் கடை வாசலில் நின்று பார்த்தார்.

“இப்பதான் நான் முன்னுக்கு நிக்கிறன்” என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். நஜ்முன் நிஸா பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

பின்னேரம் அவள் நேரே சரீபின் வீட்டுக்குப் போனாள். அவரும் மனைவியும் வாசலில் இருந்தார்கள். அவள் நின்றபடியே அழுதாள்.

“போதும் நானா. ஊரெல்லாம் உங்களைத் திட்டுது. நீங்க போகாத எண்டு சொன்னாத்தான் அவர் போவார் எண்டு கெஞ்சிக் கேட்டது நான்தானே? இண்டைக்கு எல்லாத்தையும் அவரிட்டச் சொல்லிப்போடுறன்.”

சரீப் பதறி எழுந்தார்.

“சொல்லிப்போடாதீங்க தங்கச்சி. என்னில எரிச்சல் இருக்கும் மட்டும்தான் அவன் மருந்து குடிப்பான்.”