ஒரு சாண்

"ஒரு சாண், கேப்டன். முழுசா ஒரு சாண். இன்னிக்கு பீப்பாய நகர்த்துவான், நாளைக்கு என் கட்டில்ல வந்து படுப்பான்."

கிரேக்கப் பக்கத்து லெப்டினன்ட் ஸ்தவ்ரினோஸ் பல்லைக் கடித்தான். அவனுக்குப் பின்னால் மணல் மூட்டைகளின் மேல் துப்பாக்கிகள் வடக்கு நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. கல்லெறியும் தூரத்தில் துருக்கியப் பக்கத்து மணல் மூட்டைகள். அங்கேயும் துப்பாக்கிகள், தெற்கு நோக்கி.

இரண்டுக்கும் நடுவே கிடந்த தெருவை, போரில் இரண்டாகப் பிளந்த நிகோசியா நகரில் எல்லோரும் செத்த மண் என்பார்கள். போர் நின்ற நாளிலிருந்து அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. எந்தப் பக்கமும் சேராத கண்காணிப்புப் படையினர் மட்டும் போகலாம். ஒரு செங்கல் இடம் மாறினாலும் அத்துமீறல்தான். இன்று மாறியிருந்தது ஓர் இரும்புப் பீப்பாய். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் வாசலை அடைத்து, வயிறு நிறைய மண்ணோடு நின்ற பீப்பாய்.

கண்காணிப்புப் படையின் கேப்டன் ஹென்ரிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆகஸ்ட் வெயிலிலும் குண்டு துளைக்காத சட்டையைக் கழுத்து வரை இறுக்கியிருந்தார்.

"காலையில ரோந்து போனது நீங்கதானே? எவனையாவது பார்த்தீங்களா?"

"நான் போனப்ப அங்க ஒரு சிப்பாய்கூட இல்ல."

"அப்ப பீப்பாய் தானா நடந்துச்சா? அவனுங்க துப்பாக்கிய இறக்கற வரைக்கும் எங்க பக்கத்துத் தெருவத் திறக்க மாட்டேன்."

தடுப்புக் கம்பிக்கு அப்பால் யாரோ இருமினார்கள். கறுப்புச் சட்டையில் காபிக்கடை பாந்தெலிஸ். ஹென்ரிக் தினமும் காபி குடிப்பது அவர் கடையில்தான். அவர் மனைவி கிறிஸ்தலா முந்தின நாள் இறந்துவிட்டாள். அவர்கள் இப்போது குடியிருக்கும் வீடு மூடிய அந்தத் தெருவின் இந்த முனையில், தேவாலயம் அந்த முனையில்.

"தம்பி, வெயிலப் பாரு. எவ்வளவு நேரம் வீட்ல வெச்சிருக்க முடியும்?"

"மாமா, நான் என்ன பண்ண? பெட்டியத் தூக்கிட்டுப் போறப்ப ஒருத்தன் சுட்டான்னா, இன்னும் நாலு பெட்டி செய்யணும். உள்ள போங்க."

பாந்தெலிஸ் நகரவில்லை. ஹென்ரிக்கைப் பார்த்தார்.

"கேப்டன்..."

"வீட்டுக்குப் போங்க, பாந்தெலிஸ். நான் வந்துடறேன்."

ஸ்தவ்ரினோஸ் சிரித்தான். "இவர் வந்து என்ன பண்ணப் போறாரு, மாமா? ஒப்பாரி வைக்கவா?"

ஹென்ரிக் வெள்ளைக் கொடியைத் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தார். அங்கே லெப்டினன்ட் நெஜ்தெத் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்கிட்ட ஏன் வர்றீங்க? அந்த வீட்டுக்குள்ள புகுந்து, பின்பக்கமா இங்க வரப் பார்க்குறானுங்க. அதுக்குத்தான் நகர்த்தியிருக்கானுங்க."

"நெஜ்தெத், அந்தப் பக்கம் ஒரு சாவு. ஊர்வலம் போகணும்."

"யாரு?"

"காபிக்கடைக்காரர் சம்சாரம்."

நெஜ்தெத் திரும்பிப் பார்த்தான். "நாங்க சவ ஊர்வலத்தச் சுடறவங்க இல்ல. ஆனா முதல்ல அவன் துப்பாக்கிய இறக்கட்டும்."

"அவரும் இதையேதான் சொல்றாரு."

எங்கோ ஒரு கூரை ஓடு சரிந்து விழுந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 'கிளிக், கிளிக்' என்று சத்தம். ஹென்ரிக் கொடியை உயர்த்திப் பிடித்தார். ஒரு விரல் அசைந்தால் போதும், பழைய போர் மறுபடி தொடங்கிவிடும்.

"யாரும் சுடாதீங்க," என்று கத்தினார். "ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே இருங்க. பீப்பாய நானே பழைய இடத்துல வைக்கிறேன்."

இரு பக்கத்துத் துப்பாக்கிகளும் பார்த்திருக்க, செத்த மண்ணில் தனியாக நடந்தார். பீப்பாயைக் கட்டிப்பிடித்துச் சாய்த்து, விளிம்பில் உருட்டினார். கை கிழிந்து ரத்தம் வந்தது. பழைய இடத்தைக் காட்டும் புகைப்படம் பையில் இருந்தது. அதை அவர் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

வடக்கே ஒரு துப்பாக்கி இறங்கியது. பிறகு தெற்கே ஒன்று. கொஞ்ச நேரத்தில் ஸ்தவ்ரினோஸ் முணுமுணுத்துக்கொண்டே தடுப்புக் கம்பியை விலக்கினான்.

சாவு வீட்டில் கிறிஸ்தலாவின் தங்கை ஆந்த்ரூலா பரபரத்தாள்.

"தெரு திறந்தாச்சு, அத்தான். மறுபடி மூடறதுக்குள்ள கிளம்பிடலாம். பெட்டிய மூடச் சொல்லட்டுமா?"

"இரு. கேப்டன் வரட்டும்."

"அவர் நமக்கு என்ன உறவு? பாதிரியாரே காத்துக்கிட்டு இருக்காரு."

பாந்தெலிஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹென்ரிக் வந்தார். கதவைச் சாத்தினார். அன்றைக்கு முதல் முறையாக அந்தக் கனத்த சட்டையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

பிரித்ததும் ஆந்த்ரூலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே நாடாவால் இணைத்த, மெழுகுப்பூ வைத்த இரண்டு திருமணக் கிரீடங்கள். மணமேடையில் இருவர் தலையிலும் வைத்தவை. முதலில் போகிறவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். போர் தொடங்கிய நாளில் பாந்தெலிஸும் கிறிஸ்தலாவும் உடுத்திய துணியோடு ஓடிவந்தபோது, பழைய வீட்டின் படுக்கையறைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்தவை.

பாந்தெலிஸ் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினார். ஒரு கிரீடத்தை மனைவியின் மார்பில் வைத்தார். பிறகு ஹென்ரிக்கின் காயம்பட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக் கதவு ரொம்பக் கஷ்டப்படுத்திடுச்சா, கேப்டன்?"

"கதவு சுலபமாத்தான் திறந்துச்சு," ஹென்ரிக் தலை குனிந்தார். "அந்தப் பீப்பாயத்தான், முழுசாத் திருப்பி வைக்கறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு."