கவிழாத கப்பல்
ஜன்னல் வெயிலில் டீ-சர்ட்டின் ஈர மை மினுங்குகிறது. நெஞ்சுப் பகுதியில் ஒரு பாய்மரக் கப்பல் உடைந்து சரிகிறது. பலகையைப் பற்றியபடி கடலில் மிதக்கும் ஒருவன் கையை உயர்த்திக் கூப்பிடுகிறான். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்ட படம் இதுதான். முதலாளியும் பனியன் கம்பெனியின் ஒரே சகுன நிபுணருமான மணியன் முகம் சுளிக்கிறார். “நம்ம சரக்கே கப்பல்லதானுங்க போகுது. கவுந்த கப்பலை அடிச்சா வெளங்குமா? நிமித்திப் போடுங்க.” பிரிண்டிங் மாஸ்டர் ஜெபக்குமார் தயங்குகிறார். “படத்த மாத்துனா ஆர்டரே போயிரும் மொதலாளி.” “கப்பலே போனா?” ஜெபக்குமார் கம்ப்யூட்டரில் கப்பலை நிமிர்த்துகிறார். அது ஒரு கீறலும் இல்லாமல், பாய் விரித்துக் கம்பீரமாகப் புறப்படுகிறது. “அப்ப தண்ணியில கெடக்கவன என்ன செய்ய?” மணியன் அந்த உயர்ந்த கையை உற்றுப் பார்க்கிறார். மெல்ல முகம் மலர்கிறது. “இருக்கட்டுமுங்க. டாடா காட்டறான்.”