அப்பாவின் மடி

மிக்ஸி அலறியதில் பத்ரிநாதன் விழித்துக்கொண்டார். மனைவி கோமளா ஊறவைத்த பாசிப்பயறை அரைத்துக்கொண்டிருந்தாள். எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குக் காலையில் இதுதான்: பனீர் உதிர்த்துப் போட்ட, அரிசி படாத ஒற்றை அடை. அரைத்த கையோடு வார்த்துவிடலாம்.

"நன்னா மென்னு சாப்பிடுங்கோ. உங்க வயிறு இப்போ கைக்குழந்தை."

"கைக்குழந்தைக்குக்கூட இன்னொரு வாய் ஊட்டுவாளே!"

"தையில கல்யாணம். ஞாபகம் இருக்கட்டும்."

மறப்பாரா? தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அவருக்கோ மடி இருக்க வேண்டிய இடம் முழுக்கத் தொந்தி. "உங்க தம்பி மடியில உட்காரட்டுமே" என்று சாஸ்திரிகள் நல்ல மனதோடுதான் சொன்னார். மறுநாளே பத்ரிநாதன் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார்.

பாதி அடையிலேயே வயிறு நிறைந்தது. தட்டை நகர்த்தி வைத்தார். ஆபீசுக்குக் கிளம்பிய மகள் மைத்ரேயி, என்ன நினைத்தாளோ, கைப்பையோடு வந்து அவர்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

"அம்மா, இங்க இடம் இருக்கு!"