கைப்பிடித் திருட்டு

“எல்லாரும் மடியை உதறிக் காட்டுங்க!”

கோகோ விவசாயிகள் சங்கக் கொட்டகையில் எல்லாத் தலைகளும் திரும்பின. ஊரிலேயே முதன்முதலாகக் கல்லூரி போய்வந்து, சங்கத்தில் தர ஆய்வாளராகச் சேர்ந்திருந்த ஓஃபோரிவாவுக்கு அம்மா சொல்லியனுப்பிய புத்தி ஒன்றே ஒன்றுதான்: எது கேட்டாலும் கேள், பெரியவர்களிடம் மடியைக் காட்டச் சொல்லாதே.

“எங்க மடியவா?” நியார்கோ கிழவர் துள்ளி எழுந்தார். “உன்னைத் தூக்கி வளர்த்த கைடி இது!”

“அந்தக் கையைத்தான் பார்க்கணும் பெரியப்பா.”

புகார் போவாடுவுடையது. மூன்று நாளாக அவர் பாயில் காயப்போட்ட கோகோ கொட்டை களவு போகிறது. மூட்டையாக அல்ல, கைப்பிடி கைப்பிடியாக.

“இன்னிக்கும் பாயெல்லாம் பள்ளம் பள்ளமா கிடக்கும்மா. கோழி கிளறினாக்கூட ஒரு இடத்துலதான் கிளறும்.”

“திருடன் வந்தப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?” என்றார் நியார்கோ.

“பட்டப்பகல்ல என்ன பண்ணுவாங்க? தூங்கிட்டிருந்தேன்.”

கொட்டகை குலுங்கிச் சிரித்தது.

நியார்கோ விடவில்லை. “கொட்டையை இலை மூடி ஆறு நாள் புளிக்க வைக்கணும். நீ புரட்டிவிடச் சோம்பல்பட்டு ரெண்டே நாள்ல அள்ளிப் பாய்ல கொட்டுற. இந்த ஊர்ல வேற யாராவது அப்படிப் பண்றானா? அந்தக் கொட்டையைப் போய் எவன்யா திருடுவான்?”

முணுமுணுத்துக்கொண்டே மற்ற இருபத்திரண்டு பேரும் மடியை உதறினார்கள். மூக்குப்பொடி டப்பா, சீப்பு, ஒரு பல்செட். கோகோ இல்லை.

“திருப்தியா?” என்றார் சங்கத் தலைவர் அமோவா. அவளைப் பெற்றவரும் அவர்தான். “வந்த வேலையைப் பார்.”

வந்த வேலை மேசைமேல் இருந்தது. ஆய்வகத்துக்குப் போகவேண்டிய மாதிரிப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விவசாயியின் பெயர். கொட்டையில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறது என்று போன வருடம் இவர்கள் லாரி துறைமுகத்திலிருந்தே திரும்பி வந்தது. இந்த முறையும் அப்படியானால் கொள்முதலுக்கு ஒருவரும் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள்.

“உன் தம்பி படிப்பும் இதுலதான் இருக்கு,” என்றார் அமோவா தாழ்ந்த குரலில். “கையெழுத்தைப் போடு.”

“போவாடு அண்ணே, உங்க பை எங்க?”

“மறந்துட்டேம்மா.”

எரிச்சலோடு கத்தியை எடுத்தாள். முதல் பையிலிருந்து ஒரு கொட்டையைப் பிளந்தாள். பதமாகப் புளித்திருந்தால் உள்ளே பழுப்பாக இருக்கும். இது சாம்பல் நிறம். அடுத்த பை, அதுவும் சாம்பல். நியார்கோவின் பை, சாம்பல். அப்பாவின் பையைப் பிரித்தாள். சாம்பல்.

எல்லாமே இரண்டு நாள் கொட்டை.

நியார்கோ அண்ணாந்து கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

“திருடன் கிடைச்சுட்டானா?” போவாடு ஆவலாகக் கேட்டார்.

“கிடைச்சுட்டாங்கண்ணே. எல்லாரும் மரியாதையானவங்க.”

பைகளை ஒவ்வொன்றாகப் போவாடுவின் மடியிலேயே கவிழ்த்தாள். காலிப் பைகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“எங்க போற?” என்றார் அமோவா.

“நானே ஒவ்வொரு பாய்லயும் போய் எடுத்துக்கறேன். முதல்ல நம்ம வீட்டுப் பாய்.”

“அடியே, ஊரையே கவுத்துடாத!”

அவள் திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கி நடந்தாள்.

மருந்து இயந்திரத்தை முதுகில் சுமக்கச் சோம்பல்பட்டு, ஏழு வருடமாகத் தன் மரங்களுக்கு ஒரு சொட்டுப் பூச்சிமருந்துகூட அடிக்காத ஒரே ஆள், அந்த ஊரில் போவாடுதான்.