மோவாபிட் போகும் டிராம்

1918. போர் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புரட்சிக்காரர்களின் சிவப்புக் கொடி கட்டி, பெர்லினின் மோவாபிட் பகுதிக்குப் போகும் டிராமில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டான் எவால்ட். அவனுடைய வலது சட்டைக்கை வெறுமையாகத் தொங்கியது.

"அண்ணே, கொஞ்சம் வேகமா விடுங்களேன். நாலு வருஷம் கழிச்சு வீட்டுக்குப் போறேன்."

மஃப்ளரில் முகம் புதைத்திருந்த ஓட்டுநர் திரும்பவில்லை. மணியை மட்டும் அடித்தார்.

"நானும் இதே தடத்துல ஓட்டினவன்தான். இனிமே எங்க? கை போனதை வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல. பாவம், லைட்டு சுவிட்சைத் தொடவே பயப்படுவா. அவளை எப்படிக் காப்பாத்தப் போறேனோ!"

நிறுத்தமே இல்லாத இடத்தில் டிராம் சட்டென்று நின்றது.

"என்னண்ணே, கரன்ட் போயிடுச்சா?"

ஓட்டுநர் மஃப்ளரை இறக்கிவிட்டுத் திரும்பினார். கன்னமெல்லாம் கண்ணீர்.

"ஹெட்விக்! நீயா?"

"ஏறினதுமே உங்க குரல் மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்து, வேற யாராவதா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

"நீயா டிராம் ஓட்டறே?"

"ரெண்டு வருஷமா. நானும் கடுதாசில சொல்லல. நீங்க உயிரோட வந்தீங்களே, மத்ததைப் பாத்துக்கலாம்."

"ஏம்மா, வண்டி போகுமா போகாதா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

வண்டியைக் கிளப்ப ஹெட்விக் கைப்பிடியைப் பிடித்தாள். எவால்ட் தன் இடது கையை அவள் கைமேல் வைத்தான். இருவருமாகத் திருப்ப, டிராம் நகர்ந்தது.